இடதுபக்க உள்டயர்

உங்கள் தலைக்கு மேல் சுற்றும் விசிறி லேசாக ஆடுகிறது, சார். ஓர் இறக்கை மற்ற இரண்டைவிடக் கனம் குறைவு. அதன் மேல்பக்கம் ஒரு வாஷரை ஒட்டினால் ஆட்டம் நின்றுவிடும். ஸ்டூல் இருந்தால் நானே செய்து தருவேன். வேண்டாமா, சரி. பொதுவாக எல்லோரும் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். எனக்குப் பழக்கம்தான்.

நான் யார்மீதும் புகார் கொடுக்க வரவில்லை. வாகன ஆய்வாளர் எழுதிய அறிக்கையில் ஒரு வரி தப்பு, அதைத் திருத்த வந்திருக்கிறேன். 'டயரின் காற்றழுத்தத்தைக் காட்டும் கருவி, அனுபவமற்ற ஒருவரால் பொருத்தப்பட்டு, தவறுதலாக இணைக்கப்பட்டிருந்தது' என்று எழுதியிருக்கிறார். அந்த ஒருவர் நான்தான். அந்த வண்டியில் ஒழுங்காகச் செய்யப்பட்டிருந்த ஒரே காரியம் நான் செய்ததுதான். தவறுதலாக என்ற சொல்லைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் அக்கா இறந்ததைப் பற்றி அதே அறிக்கையில் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் அளவுமானிகளைச் சரிபார்க்கும் பிரிவின் மேற்பார்வையாளர். கொதிகலனில் அழுத்தம் இவ்வளவு என்று ஒரு முள் காட்டுகிறதல்லவா, அந்த முள் உண்மை சொல்கிறதா, புளுகுகிறதா என்று பார்ப்பது என் உத்தியோகம். முள் உண்மை சொல்கிறவரை என்னை யாரும் தேட மாட்டார்கள். அது புளுகினால் மட்டும் மேலிருந்து கீழ்வரை எல்லோருக்கும் என் இருக்கை எங்கே இருக்கிறதென்று தெரிந்துவிடும்.

என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், வேறு மாதிரி ஆள். பெரிய நிறுவனம் ஒன்றில் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் துறைக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றபின் ஊக்கப் பேச்சாளர் ஆனார். மனம் தளர்ந்தவர்களை மேடையிலிருந்தபடியே நிமிர்த்துவது வேலை. அவர் பேச்சைக் கேட்டு நிமிர்ந்த ஒரே ஓர் ஆளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அது அவர்தான். வீட்டிலும் அப்படியே. சாம்பாரில் உப்பு குறைவு என்று சொல்வதற்குக்கூட, கரண்டியைக் கீழே வைத்து, கண்ணை மூடித் திறந்து, "ஒண்ணு சொல்லட்டுமா?" என்பார். உப்பு வந்து சேர்வதற்குள் சோறு ஆறிவிடும்.

என் மனைவி விவாகரத்து வாங்கிக்கொண்டு போனபிறகு நான் அவர்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். "மேல ரூம் சும்மாதானே கிடக்கு, வந்து இரு" என்றாள் அக்கா. சும்மா கிடக்கிற அறைக்குச் சும்மா கிடக்கிற தம்பி. வாடகை வாங்க மாட்டாள். பதிலுக்குக் குழாய், மோட்டார், மிக்ஸி, கதவுப் பிடி, எதுவும் என் கை படாமல் அந்த வீட்டில் ஓடியதில்லை.

ஒருநாள் அத்தானின் நண்பர்கள் சாப்பிட வந்திருந்தார்கள். அதில் ஒரு பல் டாக்டர், என்னைக் காட்டி, "சார் யாரு?" என்றார். அத்தான் கரண்டியைக் கீழே வைத்தார்.

"இவரா? இவரு நம்ம வீட்டு ஸ்டெப்னி. எங்க போனாலும் கூடவே வருவாரு. ஆனா வெளியில எடுக்கற மாதிரி ஆச்சுன்னா, ஏதோ கெட்டது நடந்துடுச்சுன்னு அர்த்தம்."

மேஜை முழுக்கச் சிரிப்பு. அன்று முதல் அந்தக் கூட்டத்தில் எனக்கு ஸ்டெப்னி என்றே பேர். அக்காவும் சிரித்தாள். அவர் மனசு நோகக்கூடாது என்று சிரித்திருப்பாள், அதை அப்போதே புரிந்துகொண்டேன். எனக்கு அது வலிக்கவே இல்லை. அவள் ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றாள், இடது கையில் ரசக் கரண்டி இருந்தது, சிரிப்பை மறைக்கப் புறங்கையை வாயில் வைத்தபோது கரண்டியிலிருந்து சொட்டியது. இதெல்லாம் நினைவில் நிற்பது தொழில் பழக்கம், வேறொன்றுமில்லை.

பிறகு அத்தான் அந்த வண்டியை வாங்கினார். மோட்டார்ஹோம். உள்ளேயே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ள, ஆறு சக்கரத்தில் ஓடும் வீடு. யாரோ சலித்துப்போய் விற்றது. "வீடே கூட வரும், எங்கேயும் போகலாம்" என்று பூரித்துப்போனார். வீடும் கூடவே வருவதென்றால் வீட்டை விட்டு எதற்குப் போகவேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஊர் ஊராகப் போய் மக்களைத் தட்டி எழுப்பப் போகிறாராம். வண்டியின் பக்கவாட்டில் தன்னுடைய படத்தை, கையைத் தூக்கியபடி, ஓர் ஆள் உயரத்துக்கு ஒட்டவைத்தார். ஒட்டியவன் அளவு பார்க்கவில்லை. சமையல் புகை வெளியேறும் துவாரம் சரியாகப் படத்தின் வாயில் வந்து நின்றது. அக்கா உள்ளே தாளித்தால் வெளியே அத்தான் வாயிலிருந்து புகை வரும். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அது தன் முகத்தின் கவர்ச்சி என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பழைய வண்டி என்பதால் டயரில் காற்று எவ்வளவு என்று காட்டும் வசதி அதில் கிடையாது. வெளியில் வாங்கிப் பொருத்தலாம் என்றேன். "லாரிக்காரன் என்ன பண்றான்? கம்பியால டயரை ரெண்டு தட்டு தட்டறான், ஏறி உக்காந்து போறான். அவனுக்கு இல்லாத பயம் உனக்கென்ன?" என்றார் அத்தான். அக்கா, "அவருக்கு வேண்டாம்னா விடேன்டா" என்றாள். நான் விடவில்லை. கடைசியில் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அதுக்கு ஸ்கிரீன் உண்டா?"

உண்டு என்றேன். டிரைவர் முன்னால் வைக்கலாம், ஆறு டயருக்கும் ஆறு கட்டம், எண்கள் ஒளிரும் என்றேன். விமானம் ஓட்டுகிற மாதிரி இருக்குமா என்றார். இருக்கும் என்றேன். வீடியோவில் நன்றாக விழும் என்று உடனே சம்மதித்துவிட்டார்.

அந்த வேலையைப் பற்றி நான் கொஞ்சம் விவரமாகச் சொல்லத்தான் வேண்டும், சார். ஆய்வாளர் விட்டுவிட்டது இதைத்தான். அந்தக் கருவி என்பது கட்டைவிரல் நுனி அளவு மூடி. டயரில் காற்றடிக்கும் வால்வின் வாயில் திருகவேண்டும். உள்ளே இருக்கும் அழுத்தத்தையும் சூட்டையும் அளந்து ரேடியோ மாதிரி ஸ்கிரீனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். கடையில் வாங்கினவுடனே திருகிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். ரப்பர் வால்வின்மேல் அதைத் திருகினால் வேகத்தில் அதன் கனம் தாங்காமல் வால்வு வளைந்து வெடிக்கும். நான் ஆறு ரப்பர் வால்வையும் கழற்றவைத்து உலோக வால்வு போடவைத்தேன். பின்னால் பக்கத்துக்கு இரண்டு சக்கரம், ஒன்றின் முதுகில் ஒன்று. உள்ளே இருப்பதன் வால்வு வெளியே எட்டாது, அதற்கு நீட்டிப்புக் குழாய். வண்டி நீளம் என்பதால் பின் சக்கரத்தின் சமிக்ஞை முன்னால் வருவதற்குள் செத்துவிடும், அதை வாங்கித் தள்ள நடுவில் ஒரு பெட்டி. சாமான் ஏற்றி எடைமேடைக்குக் கொண்டுபோய், அச்சு அச்சாக நிறுத்து, எந்த டயருக்கு எவ்வளவு காற்று என்று முடிவு செய்தேன். கடைக்காரர்கூட, "இவ்ளோ யாரும் பண்ண மாட்டாங்க சார்" என்றார். இது அனுபவமற்றவன் வேலையா என்று நீங்களே சொல்லுங்கள்.

கடைசியாகச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். இடதுபக்க உள்டயரில், வால்வு ரிம்மோடு சேருகிற இடத்தில் ஒரு குமிழி வந்தது. குண்டூசித் தலை அளவு. துடைத்தால் மறுபடி வந்தது. ரிம்மில் துரு ஏறி ஓட்டை விளிம்பு அரித்திருந்தது, வால்வு எவ்வளவு இறுக்கினாலும் உட்காரவில்லை. வேறு ரிம் வரவழைக்கவேண்டும், ஒரு வாரம் ஆகும் என்றார் கடைக்காரர். அத்தானிடம் சொன்னேன். தேதி அறிவித்தாகிவிட்டது, காற்று இறங்கினால் அடித்துக்கொள்ளலாம் என்றார். உள்டயரில் காற்று இறங்கினால் வெளியே பார்க்கத் தெரியாது, பக்கத்து டயர் இரண்டின் பாரத்தையும் தூக்கும், இரண்டும் சூடேறும், முதலில் எது வெடிக்கும் என்பது அவற்றின் விருப்பம் என்றேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை வீட்டு முன்னால் வழியனுப்பு விழா. வைத்தவர் அவர், வந்தவர்களுக்கு நாற்காலி போட்டவன் நான். வண்டியின் படிக்கட்டிலேயே மைக்கோடு ஏறி நின்றார். தலைப்பு அச்சமின்மை. "மனிதனைக் கட்டிப்போடுவது சங்கிலி அல்ல, தயக்கம்" என்று ஆரம்பித்து, நல்ல சூட்டில் போய்க்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து கருவி கத்தத் தொடங்கியது. கீச், கீச், கீச் என்று. மைக் அதையும் வாங்கி ஒலிபெருக்கியில் போட்டது. அச்சமின்மைக்குப் பின்னணி இசை மாதிரி. முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் இனித்தது, மறைப்பானேன்.

"அது என்னடா சத்தம்?" என்றார், மைக்கிலேயே.

"இடதுபக்க உள்டயர்ல காத்து இறங்குது அத்தான். சொன்னேனே."

அவர் சும்மா இருப்பாரா. கண்ணை மூடித் திறந்தார். "ஒண்ணு சொல்லட்டுமா? சில பேர் இருக்காங்க. வாழ்க்கை பூரா அலாரம் மாட்டிக்கிட்டே இருப்பாங்க. வண்டியை மட்டும் எடுக்கவே மாட்டாங்க." என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். கைதட்டல் எழுந்தது. பல் டாக்டர் எழுந்து நின்று, "காத்து டயருக்குப் போச்சா, ஸ்டெப்னிக்குப் போச்சா?" என்றார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. கூட்டத்தில் நாற்காலிகள் ஆடின. நான் போட்ட நாற்காலிகள்.

எல்லோரும் போனபிறகு வண்டிக்குள் கூப்பிட்டார். அக்கா தொட்டியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் கிளம்பறப்போ வீடியோ எடுக்கறாங்க. இது கத்தக்கூடாது" என்றார்.

"ரிம்மை மாத்திட்டா கத்தாது."

"நான் டயரைப் பத்திக் கேக்கல. சத்தத்தைப் பத்திச் சொல்றேன்."

"காத்து இறங்கினா அது சொல்லும் அத்தான். அதுக்குத்தான் அதை மாட்டினது."

"டேய், அது சாமான். நீ மாட்டினது. வாயை மூடுன்னா மூடணும்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் டம்ளரைத் துணியில் கவிழ்த்தபடி, திரும்பாமலே சொன்னாள்: "அவர் சொல்றபடி செஞ்சு குடுத்துடேன்டா. உனக்கு வேற என்ன வேலை?"

அதை அவள் கேலியாகச் சொல்லவில்லை. கேலி என்றால் துடைத்துப் போட்டுவிடலாம். யோசித்துப் பார்த்து, எனக்கு உண்மையிலேயே வேறு வேலை எதுவும் அவள் ஞாபகத்துக்கு வராமல், சாதாரணமாகச் சொன்னாள். அவள்மீது எனக்குக் கோபமில்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். நான் செய்ததெல்லாம் அவளுக்காகத்தான். அந்த மனுஷனின் பேச்சைக் கேட்டுக் கேட்டு அவள் காது மரத்துப்போயிருந்தது. ஒருநாளாவது அவர் நடுரோட்டில், தன் படம் ஒட்டிய வண்டியோடு, வாயைத் திறந்துகொண்டு நிற்பதை அவள் பார்க்கவேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் எண்ணம்.

மறுநாள் காலையில் வேலையை முடித்தேன். வாயை மூடவேண்டும், அவ்வளவுதானே. அனுபவமற்றவன் என்ன செய்வான் என்றால் மூடியிலிருந்து பேட்டரியை எடுப்பான். அந்தக் கட்டம் இருண்டுபோகும், அத்தானுக்குக்கூடத் தெரிந்துவிடும். அல்லது எச்சரிக்கை அளவைத் தாழ்த்தி வைப்பான். அப்போதும் எண் இறங்கிக்கொண்டே வருவது திரையில் தெரியும். இரண்டும் அரைகுறை வேலை. நான் செய்தது வேறு.

செட்டில் ஏழு மூடி வந்தது. ஏழாவது ஸ்டெப்னி டயருக்கு. "சும்மா தொங்கறதுக்கு எதுக்குக் காவல்?" என்று அத்தான் அதைத் திரையில் சேர்க்க விடவில்லை, அதனால் என் சட்டைப் பையிலேயே கிடந்தது. அதை எடுத்து, வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னியில் மாட்டினேன். எந்தக் கட்டம் எந்த மூடியின் பேச்சைக் கேட்கவேண்டும் என்று திரைக்கு நாம்தான் கற்றுக்கொடுக்கிறோம். இடதுபக்க உள்டயரின் கட்டத்துக்கு ஸ்டெப்னியின் மூடியைக் கற்றுக்கொடுத்தேன். உள்டயரின் மூடி அதன் இடத்திலேயே இருந்தது. காற்று இறங்க இறங்க அது கத்திக்கொண்டேதான் இருந்திருக்கும். கேட்கத்தான் ஆள் இல்லை. திரையில் மட்டும், ஓடாத, பாரம் தாங்காத, சொகுசாகத் தொங்குகிற ஒரு டயரின் அழுத்தம், பச்சை எழுத்தில், அசையாமல் நின்றது.

இதில் நீங்கள் கவிதை தேடவேண்டாம், சார். பட்டப்பேர் வைத்ததற்குப் பழி என்று உங்கள் எழுத்தர் எழுதப் பார்ப்பார். கையில் இருந்த மூடி அது ஒன்றுதான்.

இப்போது புரிகிறதல்லவா, தவறுதலாக என்பது எவ்வளவு பெரிய அவதூறு என்று.

ஒரே ஒரு குறை இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஓடுகிற டயர் சூடேறும். ஸ்டெப்னி ஏறாது. மற்ற ஐந்து கட்டத்திலும் சூடு ஐம்பது, அறுபது என்று போகும்போது அது ஒன்று மட்டும் காற்றின் குளிர்ச்சியிலேயே இருக்கும். பார்க்கத் தெரிந்தவன் பார்த்தால் பிடித்துவிடுவான். ஆனால் யார் பார்க்கப்போகிறார்கள். அத்தான் அந்தத் திரையைப் பார்ப்பது, அதன் வெளிச்சம் தன் முகத்தில் நன்றாக விழுகிறதா என்பதற்கு.

உள்டயருக்குக் காற்றை நானே முழு அளவுக்கு அடித்து அனுப்பினேன். காற்றைப் பிடுங்கிவிட்டான் என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது. பின்பக்கம் இடதுபுறம், கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டகத்தில் அத்தான் எழுதி விற்காமல் கிடந்த புத்தகக் கட்டுகளைக் கடைசி நேரத்தில் ஏற்றினார்கள். ஊர் ஊராக விநியோகம் செய்யவாம். நான் நிறுத்துப் பார்த்த எடையில் அது இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன், வீடியோக்காரர் என்னைச் சட்டகத்தை விட்டுத் தள்ளி நிற்கச் சொன்னார். தள்ளி நின்றேன். அக்கா ஜன்னல் வழியாக, "பால்காரர்கிட்ட சொல்லிடு, மாடிக் கதவைச் சாத்து" என்று சொல்லிக்கொண்டே போனாள். கருவி கத்தவில்லை. அத்தான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

விபத்து எப்படி நடந்தது என்பது உங்களிடம் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் வழி, வளைவு, இடது பின்சக்கரம் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்து, பின்பகுதி பாறையில் மோதியது. முன்பகுதிக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்பகுதியில்தான் அத்தான் இருந்தார். கழுத்தில் பட்டையோடு நாலு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார். அந்தப் பட்டை அவருக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது. தலையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கிறது.

நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன், உண்மையைச் சொல்கிறேன். வரவழைத்தது இரங்கல் கூட்டம். வாடகை மண்டபம், பூ வைத்த படம், மைக். ஆம், மைக். அக்காவைப் பற்றிப் பேச எழுந்தவர், அவளைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னார். அவள் தன்னுடைய பேச்சுக்களை எப்படி ரசித்தாள் என்பது அந்த இரண்டும். பிறகு ஆய்வாளரின் அறிக்கைக்கு வந்தார். கண்ணை மூடினார், திறந்தார்.

"ஒண்ணு சொல்லட்டுமா? இந்த விபத்துக்குக் காரணம் ஒரு சின்ன கவனக்குறைவு. அதைச் செஞ்சவர் இங்கேயே, இந்த மண்டபத்துலயே உக்காந்திருக்காரு. என் மச்சினன்தான். நல்ல பையன். தெரியாத வேலையைத் தெரியும்னு நினைச்சுச் செஞ்சுட்டான். நான் அவனை மன்னிச்சுட்டேன்."

மண்டபமே திரும்பி என்னைப் பார்த்தது. பெண்கள் அழுதார்கள். எனக்காக அல்ல, அவருடைய பெருந்தன்மைக்காக. பல் டாக்டர் வந்து என் தோளைத் தட்டி, "விடுங்க, மனுஷன் தப்புப் பண்றது சகஜம்" என்றார். நான் தப்புப் பண்ணவில்லை என்று அந்த இடத்தில் நின்று கத்தவேண்டும் போலிருந்தது. இருபது வருடத் தொழிலில் என் கையெழுத்துப் போட்டு வெளியே போன ஒரு முள்கூடப் புளுகியதில்லை. அந்தத் திரை புளுகியது என்றால், நான் புளுகச் சொன்னதால் புளுகியது. எவ்வளவு சுத்தமாகச் சொன்னது பாருங்கள், உங்கள் நிபுணரே ஏமாந்துபோய்த் தவறுதல் என்று எழுதுகிற அளவுக்கு. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். வேலை தெரியாதவன் என்று மட்டும் சொல்லி, அதற்கு மன்னிப்பும் கொடுத்தால் எப்படித் தாங்குவது. அந்த மன்னிப்பை நான் வாங்கிக்கொள்ளவில்லை. அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் இங்கே வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள்: தெரிந்து, திட்டமிட்டு, முழுக் கவனத்தோடு நான் செய்தது அது.

அக்காவா. அவள் பின்னால் இருப்பாள் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். நான் எதையும் மறைக்க வரவில்லை, அதனால் அதையும் சொல்கிறேன். உங்கள் ஆட்கள் அவள் போனைப் பார்த்திருந்தால் அவர்களே கேட்டிருப்பார்கள். வெடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அவள் எனக்குப் போன் செய்தாள். நான் பணிமனையில் ஒரு நீராவி அளவுமானியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"டேய், வேலையா இருக்கியா?"

"சொல்லு."

"ஒரு மாதிரி நாத்தம் வருதுடா. ரப்பர் கருகற மாதிரி. இவர்கிட்ட சொன்னா பிரேக் வாசனைங்கறார். இறக்கத்துல அப்படித்தான் வருமாம்."

"நீ எங்க இருக்கே?"

"பின்னாடி. கட்டில்ல படுத்திருக்கேன். வளைவு வளைவா வருது, தலை சுத்துது. இவர் வேற வண்டி ஓட்டிக்கிட்டே கேமராவைப் பார்த்துப் பேசிக்கிட்டு வர்றார்." கொஞ்சம் சிரித்தாள். "முன்னாடி உக்காந்தா நானும் கேக்கணும்."

கட்டிலுக்குக் கீழே புத்தகக் கட்டு, அதற்குக் கீழே இடது பின்சக்கரம். எனக்கு அந்த வண்டி மனப்பாடம்.

"ஸ்கிரீன்ல என்ன காட்டுது?" என்றேன்.

"எல்லாம் பச்சைதான். இப்பதான் போய்ப் பார்த்துட்டு வந்தேன். ஆனா ஒண்ணு கவனிச்சேன்டா. மத்ததெல்லாம் அறுபது கிட்ட சூடு காட்டுது. இடதுபக்கம் உள்ள இருக்கு பாரு, அது மட்டும் ஏறவே இல்லை. இருபத்தெட்டுலயே நிக்குது. எல்லாம் ஒண்ணாத்தானே ஓடுது, அது மட்டும் ஏன் அப்படி?"

எங்கள் பிரிவில் பயிற்சிக்கு வரும் பட்டதாரிகளில் பத்தில் ஒருவர் கேட்கும் கேள்வி அது. ஆய்வாளருக்குத் தோன்றாத கேள்வி. அடுப்படியைத் தவிர எதையும் பார்க்கமாட்டாள் என்று நான் நினைத்திருந்த என் அக்கா, ஆடுகிற வண்டியில் எழுந்து போய், ஆறு கட்டத்தையும் ஒவ்வொன்றாகப் படித்து, கோளாறு இருக்கிற கட்டத்தில் விரலை வைத்துவிட்டாள். என் வேலையை இத்தனை வருடத்தில் ஒருவர் உட்கார்ந்து கவனித்தது அதுதான் முதல் தடவை. கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தேன்.

"அது நல்ல டயர்க்கா" என்றேன். "அதான் சூடேறல."

"அப்படியா. நான் பயந்தே போயிட்டேன்." பெருமூச்சு விட்டாள். "அப்ப நிறுத்தச் சொல்லவா, வேண்டாமா? நிறுத்தச் சொன்னா எரிஞ்சு விழுவார். நீ சொல்லு, நீ நிறுத்துன்னா எப்படியாவது நிறுத்த வெக்கிறேன். அன்னிக்கு ஏதோ கை வேலையா இருந்தப்போ உன்னைப் பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதே. இந்த விஷயத்துல உனக்குத் தெரிஞ்சது அவருக்குத் தெரியாது. உன் கை பட்டதுன்னா நான் கண்ணை மூடிக்கிட்டுப் படுப்பேன்."

"வேண்டாம், போகலாம்" என்றேன். "படுத்துக்கோ."

அப்படி வாய் நிறையச் சொல்கிறவளிடம், என் வேலையில் ஒரு கோளாறு இருக்கிறது என்று நான் எப்படிச் சொல்வேன், சார்?